வேதம் வாய் திறக்காத இடத்தில் சினிமாக்காரன் என்ன பேசுகிறான்?

பின்வரிசை:
பெரிய வெள்ளி வந்தால் இங்கே ஒரு சண்டை வராமல் போகாது. இந்தத் தடவை ஹாலிவுட் இயக்குநர் அரனாஃப்ஸ்கியின் 'நோவா' (2014). வாட்ஸப் குழுவில் ஆரம்பித்து இங்கே வரைக்கும் ஒரே பாட்டு: "பைபிள்ல இல்லாததை எல்லாம் சேர்த்துட்டான்."

சேர்க்காமல் எப்படி எடுப்பது என்று யாராவது சொல்லுங்கள். ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்திலிருந்து படித்துக்கொண்டே வாருங்கள். கடவுள் பேசுகிறார். பேழைக்கு 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்று அளவு கொடுக்கிறார். மழை பெய்கிறது, வெள்ளம் வடிகிறது, காகம் போகிறது, புறா வருகிறது. இத்தனைக்கும் நடுவில் நோவா ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் வாய் திறப்பது 9:25ல். எல்லாம் முடிந்து, திராட்சரசம் குடித்து, போதை தெளிந்து எழுந்து பேரன் கானானைச் சபிக்கிறார். ஹீரோவின் முதல் டயலாக் கிளைமாக்ஸ் தாண்டி வருகிறது, அதுவும் சாபம். இதை வைத்து 138 நிமிஷம் படம் ஓட்ட வேண்டும்.

மோசே கதையும் அப்படித்தான். யாத்திராகமம் 2:10ல் பார்வோன் மகள் குழந்தைக்குப் பெயர் வைக்கிறாள். 2:11ல் "மோசே பெரியவனான காலத்தில்". அரண்மனை வாழ்க்கை முழுசும் இரண்டு வசனத்துக்கு நடுவில் காணாமல் போய்விட்டது. ஹாலிவுட் இயக்குநர் டெமில் 1956ல் எடுத்த 'பத்துக் கட்டளைகள்' படத்தில் முதல் பாதியில் பெரும்பகுதி அந்தச் சந்துக்குள்தான் ஓடுகிறது. நெஃப்ரெதிரியின் காதல், ராம்சேஸோடு போட்டி எதுவும் வேதத்தில் கிடையாது. அங்கே பார்வோனுக்குப் பெயரே இல்லை. ஃபைலோ, ஜோசஃபஸ் என்று பழைய ஆசிரியர்களை டெமில் சாட்சிக்கு அழைக்கிறார். ஆனால் சரக்கு வேறு இடத்தில் இருக்கிறது. படம் தொடங்குமுன் திரையை விலக்கிக்கொண்டு அவரே வந்து நிற்கிறார். மனிதர்கள் அரசாங்கத்தின் சொத்தா, கடவுளுக்குக் கீழ் சுதந்திரமானவர்களா, இந்தப் போராட்டம் இன்றும் உலகமெங்கும் நடக்கிறது என்கிறார். சோவியத்தோடு பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம். ராம்சேஸ் யார் என்று அமெரிக்கப் பார்வையாளனுக்கு விளக்க வேண்டியதே இல்லை. கடைசி சீனில் மோசே கையை உயர்த்திச் சொல்வது லேவியராகமம் 25:10, தேசமெங்கும் விடுதலை கூறச் சொல்லும் வசனம். உபாகமத்தில் மோசே அதைச் சொல்லிவிட்டுச் சாகவில்லை. அது பிலடெல்ஃபியாவின் சுதந்திர மணியில் பொறித்திருக்கிற வசனம்!

அதனால் சேர்த்தானா இல்லையா என்று கேட்பதில் பிரயோஜனமில்லை என்பது என் கட்சி. எதைச் சேர்த்தான், எங்கிருந்து எடுத்தான் என்று பேசலாம்.

நாசரேத்_சாம்:
நல்லா எழுதியிருக்கீங்க பிரதர், ஆனா ஒரு இடத்துல நழுவுறீங்க. சும்மா கிடக்கிற இடத்தை நிரப்புறது வேற, எழுதியிருக்கிறதை மாத்துறது வேற. ஆதியாகமம் 7:13 பாருங்க. நோவா, சேம், காம், யாப்பேத், நோவாவின் மனைவி, குமாரரின் மனைவிகள் மூணு பேர். எட்டு. பேதுருவும் தன் முதலாம் நிருபத்துல எட்டுப் பேர்னுதான் எழுதுறார். படத்துல காமுக்கும் யாப்பேத்துக்கும் மனைவி இல்லை. அந்த இடத்துல வில்லன் துபால்காயீன் பேழைக்குள்ள ஒளிஞ்சு வர்றான். இது எந்த இடைவெளி?

அப்புறம் அந்தக் கல் ராட்சசங்க. தூதர்கள் பாறையா மாறி பேழைக்கு மரம் தூக்குறாங்களாம். எங்க பாட்டி உயிரோட இருந்திருந்தா டிவியை அணைச்சிருப்பாங்க. "ஒருவன் இவைகளோடே எதையாகிலும் கூட்டினால்" என்ன ஆகும்னு வெளிப்படுத்தல் 22:18ல போட்டிருக்கு. டைரக்டருக்கும் சேர்த்துத்தான்.

ரஹ்மத்_கீழக்கரை:
ஒரு சின்னத் தகவல். எங்க பக்கம் நபிமார்களை உருவமா காட்டுறதே கூடாது, அதனால கத்தார், பஹ்ரைன், அமீரகத்துல இந்தப் படத்துக்கு அனுமதி கொடுக்கலை. அது தனி விவாதம். நான் சொல்ல வந்தது, குர்ஆன்ல நூஹ் நபி நிறையப் பேசுறார். 71ஆவது அத்தியாயத்துக்கே அவர் பேர்தான், பெரும்பகுதி அவர் இறைவன்கிட்ட முறையிடுறது. 11ஆவது அத்தியாயத்துல பேழை அலையில போகும்போது ஏற மறுத்த மகனைக் கூப்பிடுறார். மகன் மலை மேல ஏறித் தப்பிச்சிக்கிறேன்னு சொல்றான், அலை நடுவுல வந்துடுது. இதை விட ஒரு சீன் எந்த டைரக்டருக்கு வேணும்? ஆனா எங்க ஆட்கள் எடுக்கவும் மாட்டாங்க, எடுத்தா பார்க்கவும் மாட்டோம். 😀

பின்வரிசை:
@ரஹ்மத் பாய், அந்த மகன் காட்சி எனக்கு எப்பவுமே அடிவயிற்றைப் பிசையும்.

@சாம், கல் தூதர்கள் அரனாஃப்ஸ்கியின் கற்பனை மட்டும் கிடையாது. ஆதியாகமம் 6:4ல் "இராட்சதர் பூமியிலே இருந்தார்கள்" என்று ஒரு வரி வந்துவிட்டு நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பழைய யூதர்கள் எழுதியதுதான் ஏனோக்கு புத்தகம். விண்ணிலிருந்து இறங்கிய காவல் தூதர்கள் மனிதருக்கு ஆயுதம் செய்யவும் வித்தைகளும் கற்றுக்கொடுத்துக் கெட்டுப்போகிறார்கள். எத்தியோப்பியத் திருச்சபை இன்றைக்கும் அதை வேதமாகவே வைத்திருக்கிறது. உங்கள் பைபிளில் யூதா நிருபம் 14ஆம் வசனத்தைத் திறந்தால் ஏனோக்கின் தீர்க்கதரிசனத்தை மேற்கோள் காட்டியிருப்பார். அரனாஃப்ஸ்கி திருப்பியது வேறு இடம். ஏனோக்கில் அந்தத் தூதர்கள் தண்டிக்கப்பட்டுக் கட்டிப்போடப்படுகிறார்கள். இவர் அவர்களுக்குப் பாவமன்னிப்பு கொடுத்து மேலே அனுப்பிவைக்கிறார்.

மனைவிகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அது நிரப்பல் இல்லை, வெட்டு. ஏன் வெட்டினார் என்றால், பேழைக்குள் ஒரு கத்தி வேண்டியிருக்கிறது அவருக்கு. மனித குலமே அழியத்தான் வேண்டும் என்று நோவா முடிவு கட்டி, சேமுக்குப் பிறந்த பெண் குழந்தைகள் மேல் கத்தியை ஓங்க வேண்டும். அது ஆதியாகமம் 22, ஆபிரகாம் ஈசாக்கு கதை. அதைத் தூக்கி வெள்ளத்துக்குள் போட்டிருக்கிறார். மூன்று மருமகள்கள் கூட வந்தால் அந்தப் பயமே எழும்பாது. யோசனை நல்ல யோசனை. ஆனால் துபால்காயீன் காமின் காதில் ஓதுகிற காட்சிகளெல்லாம் ராத்திரி எட்டரை மணி மெகாசீரியல். முதல் பாதியோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

லூர்துமேரி_டீச்சர்:
தம்பிகளா, எல்லோரும் கூட்டுகிறவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒரு வார்த்தை கூட்டாமல் எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர், மார்க்சியவாதி. இத்தாலிய இயக்குநர் பசோலினியின் 'மத்தேயு நற்செய்தி', 1964.

அது உருவான கதையே நன்றாக இருக்கும். 1962 அக்டோபரில் ஒரு கத்தோலிக்க அமைப்பின் அழைப்பில் அசிசிக்குப் போயிருக்கிறார். அன்றைக்குத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அந்த ஊருக்கு வருகிறார், தெருவெல்லாம் கூட்டம், வெளியே போக முடியவில்லை. அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நற்செய்தி நூலை எடுத்து ஒரே மூச்சில் படித்திருக்கிறார். படத்தை அந்தத் திருத்தந்தையின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். படம் வருவதற்கு முந்தின வருஷம்தான் ஒரு குறும்படத்துக்காக மதத்தை அவமதித்தார் என்று இத்தாலிய நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்திருந்தது!

1963ல் பாலஸ்தீனத்துக்குப் போய் இடம் பார்த்தார். புதுக் கட்டடங்களும் நவீன விவசாயமுமாக இருக்கிறது, இது எனக்கு ஆகாது என்று திரும்பிவிட்டார். தெற்கு இத்தாலியில் மத்தேரா என்ற ஊர். பாறையைக் குடைந்த வீடுகள். மனிதரும் மாடும் ஒரே குகைக்குள் இருந்த வறுமை தாங்காமல் 1950களில் அரசாங்கமே அங்கிருந்து ஜனங்களை வெளியேற்றத் தொடங்கியது. அந்த ஊர்தான் இவருக்கு எருசலேம். சுற்றுவட்டாரத்து ஏழை விவசாயிகள்தான் கூட்டம். இயேசு, என்ரிகே இராசோகி என்ற பத்தொன்பது வயது ஸ்பானிய மாணவர். அவர் இத்தாலிக்கு வந்ததே ஃபிராங்கோ எதிர்ப்புக்கு ஆதரவு திரட்டத்தான், நடிக்க இல்லை. சிலுவையடியில் நிற்கிற வயதான மரியா, பசோலினியின் சொந்தத் தாய் சூசன்னா. அந்த அம்மா தன் இளைய மகன் குய்தோவை 1945ல் போரில் பறிகொடுத்தவர். அந்த அழுகையை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

முதல் காட்சியை மட்டும் சொல்கிறேன். ஒரு இளம் பெண்ணின் முகம். ஒரு ஆணின் முகம். மறுபடி பெண். அப்புறம்தான் கேமரா தள்ளிப் போய்க் காட்டுகிறது, கல் வளைவுக்கு முன் அவள் நிறைமாத வயிற்றோடு நிற்கிறாள். வசனம் இல்லை, இசையும் இல்லை. யோசேப்பு திரும்பி நடந்து ஊருக்கு வெளியே போகிறார். குழந்தைகள் விளையாடிக்கொண்டிருக்கிற இடத்தில் அசந்து தூங்கிவிடுகிறார். விழித்தால் சத்தமில்லை, எதிரே வானதூதர். மத்தேயு 1:18 முதல் 21 வரை அவ்வளவுதான். பின்வரிசை தம்பி சொல்கிற இடைவெளியை இவர் வசனத்தால் நிரப்பவே இல்லை. முகத்தால் நிரப்பினார்.

வேலு_77:
டீச்சர் இது எங்க கிடைக்கும்? லிங்க் ப்ளீஸ்

நெறியாளர்:
லிங்க், டோரண்ட் கேட்பதும் கொடுப்பதும் விதிமீறல். இது கடைசி எச்சரிக்கை, வேலு.

லென்ஸ்காரன்:
டீச்சர் சொன்னதோட ஒரு தொழில் சமாச்சாரம் சேர்த்துக்கிறேன். ஒளிப்பதிவு டோனினோ தெல்லி கோல்லி. பசோலினி தன் முதல் படத்துல ரோம் நகர ரவுடியையும் தரகனையும் கோயில் ஓவியம் மாதிரி, அசையாம, மரியாதையா ஃப்ரேம் பண்ணினவர். நிஜமாவே கடவுள் கதை கையில வந்ததும் அந்த பாணி ஒத்து வரலை. ஏற்கெனவே புனிதமா இருக்கிறதுக்கு மேல புனிதம் பூசுறதா? அதனால ஜூம் லென்ஸ், கையில பிடிச்ச கேமரான்னு நியூஸ் ரீல் பக்கம் போயிட்டார். ரோம ஆளுநர் பிலாத்து விசாரிக்கிற சீனைப் பாருங்க. கேமரா கூட்டத்துக்குப் பின்னால நிக்குது. முன்னாடி நிக்கிறவன் தலை மறைக்குது, எட்டி எட்டிப் பார்க்குது. நம்ம ஊர் கோர்ட் வாசல்ல ஜனங்களோட நின்னு பார்க்கிற பார்வை அது. பெரிய படங்கள்ல இதே சீனை பிலாத்துவுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கிறோம்.

யூத மதத் தலைவர்களான பரிசேயர் தலையில இருக்கிற அந்தப் பெரிய விநோதத் தொப்பிகள் பழைய இத்தாலிய ஓவியர் பியரோ தெல்லா ஃபிரான்செஸ்காவோட ஓவியங்களைப் பார்த்துச் செஞ்சது. ஞானிகள் குழந்தையைப் பார்க்க வர்ற இடத்துல அமெரிக்கக் கறுப்பினப் பாடகி ஓடெட்டா குரல் வருது, தாயில்லாப் பிள்ளைன்னு பாடுற அடிமைக்காலப் பாட்டு. அப்புறம் பாக்கோட இசை, அப்புறம் காங்கோ நாட்டுப் பூசைப் பாடல். வசனத்துலதான் கூட்டலை டீச்சர். மத்ததுல ஆள் தாராளமா கூட்டியிருக்கார்.

நாசரேத்_சாம்:
நானும் அதைத்தான் நினைச்சேன். அந்த இயேசு எப்பப் பார்த்தாலும் கோபமா நடந்துகிட்டே பேசுறார். "சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்" இருக்கு, சரி. குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுற முகம் குறைவா இருக்கு. கம்யூனிஸ்ட் எடுத்தா அப்படித்தான்.

என்னைக் கேட்டா வேதத்தை உள்ளபடி எடுத்தது மெல் கிப்சன்தான். 2004. அரமேயம், லத்தீன்ல பேச வெச்சு, எல்லாரும் சப்டைட்டில் படிக்கிற மாதிரி. இதுவும் அதே மத்தேராதான். எங்க சபையில திரை கட்டிப் போட்டப்ப ஒருத்தரும் அசையலை.

லூர்துமேரி_டீச்சர்:
சாம் தம்பி, கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களைப் போன்ற சீர்திருத்த சபைக்காரர்கள் இந்தப் படத்தைக் கொண்டாடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். இதைப் போல ஒரு கத்தோலிக்கப் படம் கிடையாது.

பாலத்திலிருந்து இயேசுவைச் சங்கிலியோடு கீழே தள்ளுகிறார்களே, எந்த நற்செய்தியில் இருக்கிறது? பிலாத்துவின் மனைவி துணிகளைக் கொண்டுவந்து மரியாவிடம் கொடுப்பதும், அதை வைத்து மரியா தரையில் சிந்திய இரத்தத்தைத் துடைப்பதும்? அன்னா கேத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மானிய கன்னியாஸ்திரியின் தரிசனங்கள் அவை. படுத்த படுக்கையாக இருந்தவர். அவர் சொன்னதாகக் கவிஞர் பிரெந்தானோ எழுதி 1833ல் புத்தகமாக வந்தது. இயேசு விழுந்து விழுந்து எழும்புவது, வெரோனிக்கா முகம் துடைப்பது எல்லாம் எங்கள் சிலுவைப் பாதை. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் முழந்தாள்படியிட்டு நாங்கள் செய்கிற பக்தி முயற்சியை அப்படியே படமாக்கியிருக்கிறார். சாத்தான் கையில் அந்த விகாரக் குழந்தை, கள்வனின் கண்ணைக் கொத்தும் காகம், இவையெல்லாம் போனஸ்.

யோவான் நற்செய்தியில் கசையடி எத்தனை வசனம்? ஒன்று. உங்கள் மொழிபெயர்ப்பில் "பிலாத்து இயேசுவைப் பிடித்து, வாரினால் அடிப்பித்தான்." முடிந்தது. படத்தில் அது எவ்வளவு நேரம் போகிறது என்று உங்களுக்கே தெரியும். அரமேயம் பேசுவதால் மட்டும் உள்ளபடி ஆகிவிடாது. அந்தக் காலத்துக் கிழக்கு ரோமப் பகுதியில் புழங்கிய கிரேக்கம் படத்தில் ஒரு சொல் இல்லை. கல் தூதர்கள் உங்களுக்கு உறுத்துகிறார்கள், எம்மெரிக் உறுத்தவில்லை. ஏனென்றால் எம்மெரிக் கூட்டியது உங்கள் கண்ணீருக்குத் துணை நிற்கிறது.

நாசரேத்_சாம்:
டீச்சர் அடிச்சா பிரம்பு முறியும் போல. ஆனா எனக்கு அந்தக் கசையடி கூட்டினதாத் தெரியலை. ரோமன் கசையடி அப்படித்தான் கொடூரமா இருந்திருக்கும். ஒரே வசனமா எழுதினவங்களுக்கு அது எப்படியிருக்கும்னு தெரியும், அதனால விவரிக்கலை. நமக்குத் தெரியாது, காட்ட வேண்டியிருக்கு.

பின்வரிசை:
சாம், இது நல்ல வாதம். இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் எனக்குப் பிடித்தது.

மாண்ட்ரியல்_மழை:
எல்லாரும் ஒரு விசயத்தைக் கதைக்காமல் தாண்டிப் போறியள். நான் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில யூத ஆக்கள் கனபேர். அவையளுக்கு இயேசு பட்ட பாடுகளின்ர இந்தக் கதை எங்களுக்கு மாதிரி இல்லை. ஐரோப்பாவில நூற்றாண்டுக் கணக்கா புனித வாரம் எண்டால் யூதர் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கு இருந்த காலம். பாடுகளின் நாடகம் முடிஞ்சு சனம் வெளியில வரேக்க யாரைத் தேடிப் போகும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

மத்தேயு 27:25: "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக." இந்த வசனத்தை என்ன செய்யிறது? கிப்சன் சப்டைட்டிலை மட்டும் எடுத்துப்போட்டார். அரமேயத்தில அந்தக் குரல் அப்பிடியே இருக்கு. எல்லா யூதர் மேலயும் அந்தப் பழியைப் போடக் கூடாது எண்டு கத்தோலிக்கத் திருச்சபையே 1965ல வத்திக்கான் சங்கத்தில எழுதி வைச்சிட்டுது. அதுக்குப் பிறகு முப்பத்தொன்பது வருசம் கழிச்சு வந்த படம் இது.

இப்ப 1927க்குப் போங்கோ. டெமிலின்ர 'ராஜாதி ராஜா' மௌனப்படம். அதிலயும் யூத அமைப்புகள் எதிர்ப்புக் காட்டினவை. ஆனா அதில யூதரின்ர தலைமைக் குரு காய்பா, கடவுளே உன்ர கோபத்தை இந்த மக்கள் மேல காட்டாதே, குற்றம் என்னுடையது மட்டும்தான் எண்டு மன்றாடுற எழுத்துப் பலகை ஒண்டு வருது. எந்தச் சுவிசேசத்திலயும் இல்லாத வசனம். முழுக்க முழுக்க கூட்டினது. டெமிலை நாங்கள் ஆடம்பரக்காரன் எண்டு நக்கலடிப்பம், ஆனா இந்த ஒரு கூட்டலுக்கு நான் அந்தாளுக்குக் கை குடுப்பன். எழுத்து மாறாமல் எடுப்பன் எண்டு நிக்கிறவருக்கு இந்த வசனத்தில இருந்து தப்ப வழியில்லை டீச்சர், பசோலினியாய் இருந்தாலும்.

லூர்துமேரி_டீச்சர்:
ஒப்புக்கொள்கிறேன் அம்மா. பசோலினி அந்தக் கோபத்தையெல்லாம் பரிசேயரின் பதவி மேலும் பணத்தின் மேலும் திருப்புகிறார். ஆனாலும் படம் பார்க்கிறவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று யார் உத்தரவாதம் தருவது?

டூரிங்_டாக்கீஸ்:
நடுவில் ஒரு கிழவன் புகுந்துகொள்கிறேன். இந்தச் சண்டைக்கெல்லாம் முன்னால், நம்ம ஊரில் சினிமா கால் வைத்ததே இயேசுவோடுதான். திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரும் துண்டுப் படங்களும் விலைக்கு வாங்கினார். அதில் ஒன்று 'இயேசுவின் வாழ்க்கை'. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். பிற்பாடு 1914ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டியவரும் அவரே.

பம்பாயில் பால்கே 1910 கிறிஸ்துமஸ் சமயத்தில் கொட்டகையில் பார்த்ததும் ஒரு கிறிஸ்துவின் வாழ்க்கைப் படம்தான். திரையில் கிறிஸ்து ஓடிக்கொண்டிருக்க, மனக்கண்ணில் கிருஷ்ணனும் ராமனும் ஓடியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். 1913ல் 'ராஜா ஹரிச்சந்திரா' வந்தது. நம்முடைய புராணப் படங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் அந்தக் கொட்டகையில் நடந்தது என்று சொன்னால் இரண்டு பக்கமும் அடிக்க வருவார்கள்.

கடன் திரும்பியும் போயிருக்கிறது. 1978ல் தெலுங்கில் 'கருணாமயுடு'. இயக்கியது நம்ம 'பாசமலர்' பீம்சிங். இயேசுவாக விஜயசந்தர். அதில் மரியா மகனைப் பிடித்து அழுகிற தாயாக இருப்பாள், பாட்டு வரும், ஒவ்வொரு அற்புதத்துக்கும் கண்ணில் நீர் வரும். பசோலினி மௌனத்தால் நிரப்பினார் என்றீர்கள். பீம்சிங் குடும்பத்தால் நிரப்பினார். 1979ல் லூக்கா சுவிசேஷத்தை வைத்து எடுத்த ஆங்கில 'இயேசு' படம் தமிழ் பேசிக்கொண்டு வேனில் கிராமம் கிராமமாக வந்தபோது, தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலுவைக் காட்சியில் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றதைப் பார்த்தவன் நான். அவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் இல்லை.

ஜெபா_2001:
இயேசு கதையைச் சொல்ற 'தி சோசன்' தொடரைப் பத்தி யாரும் பேசலையா? மத்தேயு 8:14ல பேதுருவோட மாமியாருக்குக் காய்ச்சல்னு வருது. மாமியார் இருந்தா மனைவி இருக்கணுமே, வேதத்துல அவங்க பேர் கூட இல்லை. தொடர்ல ஏதேன்னு பேர் வெச்சு, முழுக் கதையே கொடுத்திருக்காங்க. வரி வசூலிக்கிற மத்தேயுவை ஆட்டிசம் உள்ளவரா காட்டுறாங்க. எண், கணக்கு, எல்லாத்தையும் குறிச்சு வைக்கிறது. பின்னாடி சுவிசேஷம் எழுதப் போறவர் இப்படி இருந்திருக்கலாமேன்னு தோணுச்சு. என் தம்பிக்கும் ஆட்டிசம். எங்க வீட்டுல அந்த எபிசோட் ஓடினப்ப அம்மா ஒண்ணும் பேசலை, திரும்பவும் போடச் சொன்னாங்க.

லென்ஸ்காரன்:
அங்கி, தாடி, ஒட்டகம் இல்லாமலும் வேதத்தை எடுக்கலாம். டைரக்டர் கீஸ்லோவ்ஸ்கி, போலந்து டிவிக்கு 1988ல எடுத்த 'டெகலாக்'. பத்துக் கட்டளைக்குப் பத்து ஒரு மணி நேரப் படம், எல்லாம் வார்சா நகரத்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல. கூட எழுதினவர் பியெசியேவிச்னு ஒரு வக்கீல். கோர்ட்டுல தினமும் மனுஷங்களைப் பார்த்த ஆள்.

முதல் படத்துல அப்பா கணக்குப் புலி. ஏரியில உறைஞ்ச பனி பையனோட எடையைத் தாங்குமான்னு கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கிறார். தாங்கும்னு வருது. அடுத்த நாள் மேஜையில வேலை பார்த்துட்டு இருக்கும்போது மைப்புட்டி தானா விரிசல் விட்டு, காகிதம் முழுக்க நீலம் பரவுது. அவர் எழுந்து போய்க் கையைக் கழுவுறார். வெளியே தீயணைப்பு வண்டி சத்தம். பார்க்கிற நமக்கு அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு. கடைசியில கட்டி முடிக்காத கோயிலுக்குள்ள போய்ப் பீடத்தைத் தள்ளிவிடுறார். மெழுகுவர்த்தி சாஞ்சு, மெழுகு சொட்டி மாதா படத்தோட கன்னத்துல கண்ணீர் மாதிரி இறங்குது. "என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் உண்டாயிருக்கவேண்டாம்"கிறதை யாரும் படத்துல வாசிக்கிறதே இல்லை.

நாசரேத்_சாம்:
இதுல ஒரு குழப்பம் பிரதர். அஞ்சாவது படம் கொலை பத்தின்னு போட்டிருக்காங்க. கொலை செய்யாதிருப்பாயாக ஆறாவது கட்டளை இல்லையா?

லூர்துமேரி_டீச்சர்:
உங்கள் கணக்கில் ஆறு, எங்கள் கணக்கில் ஐந்து. விக்கிரகம் பற்றியதை நாங்கள் முதல் கட்டளையோடு சேர்த்துவிட்டு, கடைசியில் ஆசைப்படுவதை இரண்டாகப் பிரிப்போம். போலந்து கத்தோலிக்க நாடு. டெகலாக் பார்க்கிற சீர்திருத்த சபைக்காரர்கள் எல்லோரும் இரண்டாவது படத்திலிருந்தே ஒன்று தள்ளி வைத்துக்கொண்டு தலையைச் சொறிவார்கள்.

மாண்ட்ரியல்_மழை:
அப்பிடியெண்டால் வேதத்தில ஏன் எண்டு தெரியாமல் துன்பப்பட்ட யோபுவையும் சேருங்கோ. கோயன் சகோதரர்களின்ர 'எ சீரியஸ் மேன்' (2009). 1967, மினசோட்டா, ஒரு யூதப் பௌதிக வாத்தியார். மனிசி விவாகரத்துக் கேக்கிறா, வேலை ஆட்டம் காணுது, ரபி மாரிட்ட போறார், ஒருத்தராலயும் ஏன் எண்டு சொல்ல ஏலாது. யோபுவில கடைசியாக் கர்த்தர் சுழல்காற்றில இருந்து பேசுறார்: "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" இந்தப் படத்தின்ர கடைசியில சுழல்காற்று வருது. பள்ளிக்கூட வாசலில பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்கினம். கடவுள் பேச முதல் படம் முடியுது. அந்த வெட்டு இருக்கே! டெரன்ஸ் மாலிக் தன்ர 'ட்ரீ ஆஃப் லைஃப்' படத்தை அதே வசனத்தில துவங்குறார், பிறகு அண்டம் உருவாகிறதையே எடுத்துக் காட்டுறார். ரெண்டும் ஒரு அதிகாரத்தில இருந்துதான். மாலிக்கின்ரயில எனக்கு அரைவாசியில நித்திரை வந்தது, உண்மையைச் சொல்லோணும்.

பின்வரிசை:
மத்தேராவுக்கே திரும்பி வருகிறேன், டீச்சர் தொடங்கியதற்கு ஒரு மூன்றாம் பாகம் இருக்கிறது. மிலோ ராவ் என்ற சுவிஸ் நாடகக்காரர் அங்கேயே எடுத்த 'புதிய நற்செய்தி', 2020. பாதி ஆவணப்படம். இயேசுவாக இவான் சாக்னெட், கேமரூனிலிருந்து இத்தாலிக்குப் படிக்க வந்து, தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை செய்து, 2011ல் நார்தோ என்ற ஊரில் புலம்பெயர் கூலிகளைத் திரட்டி வேலைநிறுத்தம் நடத்தியவர். சீடர்களும் அப்படித் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்தான். யோவான் ஸ்நானகனாக யார் தெரியுமா? பசோலினியின் இயேசு, என்ரிகே இராசோகி, கிழவராக. கிப்சன் படத்தில் மரியாவாக நடித்த ருமேனிய யூத நடிகை மாயா மோர்கென்ஸ்டெர்ன் இதிலும் மரியா. மூன்று படத்தையும் ராவ் ஒரே ஊரில் முடிச்சுப் போட்டுவிட்டார். இராசோகி அந்த வருஷமே இறந்துபோனார்.

அதில் நடிகர் தேர்வுக் காட்சி ஒன்று. ஊர்க்காரர் ஒருவர், ரோமப் போர்வீரன் வேஷத்துக்கு வந்தவர். சாந்தமான ஆள், பேச்சும் மரியாதையாக இருக்கிறது. இயேசுவை அடிப்பது போல் செய்து காட்டச் சொல்கிறார்கள். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சட்டையைக் கழற்றிவிட்டு சாட்டையால் அதை விளாசத் தொடங்குகிறார். அடியோடு கறுப்பர்களைத் திட்டுகிற வசவுகளும் தானாக வருகின்றன. நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் வேஷம் கட்டப்போகும் இயேசு கறுப்பர் என்று அவருக்குத் தெரியும்.

சாம் வைத்த வாதத்துக்கு, "வாரினால் அடிப்பித்தான்" என்ற ஒற்றை வரிக்கு, நான் பார்த்ததில் இதுதான் சரியான நிரப்பல். பசோலினி அந்த வரியில் நிற்பதே இல்லை. கிப்சன் குடித்துவிட்டுச் சிரிக்கிற மிருகங்களைக் கொண்டுவந்து அடிக்க விட்டார். அந்த மிருகங்களோடு எனக்கு உறவு கிடையாது என்று தியேட்டரை விட்டு எழுந்து வரலாம். இந்த மனிதரைப் பார்த்துவிட்டு அப்படி வர முடியவில்லை.

நாசரேத்_சாம்:
படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. ஆனா அந்த ஆளைக் கேட்டுட்டுத்தான் படத்துல வெச்சாங்களா? நடிச்சுக் காட்டுன்னு சொன்னதுக்கு நடிச்சான். வேஷம் கிடைக்கணும்னு கொஞ்சம் அதிகமாவே செஞ்சிருப்பான்.

பின்வரிசை:
நடிப்பு என்றால் வசவு எங்கிருந்து வந்தது? ஸ்கிரிப்டில் அது இல்லையே.

லூர்துமேரி_டீச்சர்:
இல்லை தம்பி, இந்த விஷயத்தில் நான் சாம் பக்கம். ஒருவருக்குக் கையில் சாட்டையைக் கொடுத்து, அடி என்று சொல்லி, கேமராவை ஓட விட்டு, அப்புறம் பார் இவன் எப்படிப்பட்டவன் என்று உலகத்துக்குக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றிருக்கிறேன். ஒரு பையனைத் தூண்டிவிட்டுத் தப்புச் செய்ய வைத்துப் பிடிப்பது ரொம்பச் சுலபம். கூலிகளுக்காகப் படம் எடுத்தவர் அந்த ஒரு ஊர்க்காரருக்கும் நியாயம் செய்திருக்க வேண்டும்.

மாண்ட்ரியல்_மழை:
நான் பின்வரிசை அண்ணையின்ர பக்கம். அந்தாள் சொன்ன சொல்லை அந்தத் தோட்டத்தில வேலை செய்யிற பெடியள் ஒவ்வொரு நாளும் கேக்கினம், அதுக்கு ஒருத்தரும் கேமரா பிடிக்கேல்லை. டீச்சர், படத்தைப் பாத்திட்டு வாங்கோ, அதுக்குப் பிறகு சண்டை பிடிப்பம்.